ஆறின கஞ்சியும் பதறாத காரியமும்

ஜொகூரில், ரெங்கத்துக்கும் கூலாய்க்கும் இடையே ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது லாயாங் லாயாங். மலாய் மொழியில் அந்தப் பெயருக்குப் பட்டம் என்று பொருள். கடைத்தெருவைத் தாண்டினால் செம்பனைதான். அந்தத் தோட்டங்களில் அன்றைய வேலை பொழுது விடிவதற்கு முன்பே முடிவாகிவிடும். அதற்குப் பெயர் பெரட்டு.

பெரட்டு என்ற சொல்லைக் கேட்டாலே நம் தாத்தா பாட்டிக்கு நூறு கதை நினைவுக்கு வரும். இருட்டில் எழுந்து, கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தில் வரிசையாக நின்று பேர் கொடுத்த கதை. இன்று அதே தோட்டங்களில் குலை வெட்டுபவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். ஆனால் பெரட்டு மாறவில்லை. எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், யார் எந்தக் காட்டுக்குப் போகவேண்டும், எந்த வேலை இன்று கிடையாது என்பதெல்லாம் அங்கே சில நிமிடங்களில், எல்லோர் காதிலும் விழும்படி சொல்லப்படும். நாற்காலி கிடையாது, திரையில் காட்டும் படங்கள் கிடையாது.

குளிர்சாதன அறையில் ஒன்றரை மணி நேரம் கூட்டம் நடத்தி, வெளியே வந்தபின் "இப்போ எதை முதல்ல செய்யறது?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் நம் தலைமுறைக்கு, பெரட்டில் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா? நிறைய இருக்கிறது.

குலை காத்திருக்காது

ஒரு காலைப் பெரட்டைக் கற்பனை செய்து பாருங்கள். நாற்பது பேர் வரவேண்டிய இடத்தில் முப்பது பேர்தான் வந்திருக்கிறார்கள். குலை வெட்டவேண்டும், உதிரிப் பழம் பொறுக்கவேண்டும், உரம் போடவேண்டும், களைக்கு மருந்து அடிக்கவேண்டும், அடைத்துக்கொண்ட வாய்க்காலைத் தூர்வாரவேண்டும். எல்லாமே தேவையான வேலைகள். ஆள் மட்டும் போதாது.

அனுபவமுள்ள மண்டோர் இதற்குத் தலையைப் பிய்த்துக்கொள்ள மாட்டார். வானம் கறுத்திருந்தால் உரமும் மருந்தும் இன்று கிடையாது. பெருமழை இரண்டையும் அடித்துக்கொண்டு போய்விடும். பழுத்த குலைக்குத்தான் முதல் ஆள். செம்பனைப் பழம் வெட்டுப்பட்டு, அடிபட்ட உடனே அதற்குள் இருக்கும் நொதிகள் எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடும். கொழுப்பு அமிலம் ஏற ஏற எண்ணெயின் தரம் இறங்கும். ஆலையில் நீராவியில் வெந்தால்தான் அந்தச் சிதைவு நிற்கும். அதனால்தான் வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகவேண்டும் என்று தோட்டங்களில் சொல்வார்கள். நாளைக்கு இரண்டு மடங்கு உழைத்தாலும், இன்று கெட்ட எண்ணெய் நல்ல எண்ணெய் ஆகாது.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான்.

அப்படியானால் வேகமாக வெட்டித் தள்ளுவதுதான் திறமையா? அதுவும் இல்லை. எண்ணிக்கை காட்டவேண்டும் என்ற அவசரத்தில் பழுக்காத கறுப்புக் குலையை வெட்டினால் அதில் எண்ணெய் போதிய அளவு இருக்காது. ஆலையில் தரம் பிரிக்கும்போது அது தெரிந்துவிடும். அந்தக் குலையை மரத்தில் மறுபடி ஒட்டவைக்க முடியாது. அடுத்த சுற்று வரை விட்டிருந்தால் அதுவே முழுப் பலன் கொடுத்திருக்கும். மரத்தடியில் எத்தனை உதிரிப் பழம் கிடக்கிறது என்று பார்த்துத்தான் மேலே அரிவாளை நீட்டவேண்டும்.

பதறாத காரியம் சிதறாது என்பதும் நம் பழமொழிதான்.

ஒன்று சீக்கிரம் செய் என்கிறது. இன்னொன்று பொறு என்கிறது. கேட்பதற்கு முரண்பாடாக இருக்கலாம். ஆனால் எந்த வேலைக்கு எந்தப் பழமொழி என்று தெரிந்தவர்தான் பெரட்டில் முன்னால் நிற்கத் தகுதியானவர். அவர் மனதுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இரண்டு.

தள்ளிப்போட்டால் திரும்பப் பெறமுடியாதது எது? அதை இன்றே செய்.

செய்துவிட்டால் திரும்பப் பெறமுடியாதது எது? அதை நிதானமாகச் செய்.

குளுவாங்கில் இறங்கிய வண்டு

இரண்டாவது கேள்விக்கு லாயாங் லாயாங் வட்டாரமே ஒரு நல்ல சாட்சி. ஊரை ஒட்டிய உலு ரெமிஸ் தோட்டத்தின் பெயர் செம்பனை இனவிருத்தி ஆய்வாளர்களிடையே உலகறிந்த பெயர். 1848-இல் இந்தோனேசியாவின் போகோர் தோட்டத்தில் நடப்பட்ட நான்கு மரங்களின் வழிவந்த டெலி வகையை, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து மேம்படுத்திய இடங்களில் அதுவும் ஒன்று. நட்ட மரம் காய்க்கவே இரண்டரை, மூன்று ஆண்டு ஆகும். நல்ல மரம் எது என்று முடிவு செய்ய அதற்கு மேலும் பல ஆண்டுகள் பார்க்கவேண்டும். அங்கே அவசரப்பட்டவர்களுக்கு இடமே இல்லை.

அதைவிடச் சுவையான கதை, இதே குளுவாங் மாவட்டத்தின் பாமோல் தோட்டத்தில் நடந்தது.

செம்பனையின் தாய்வீடு ஆப்பிரிக்கா. மலாயாவில் வணிகப் பயிராக அது 1917-இல் சிலாங்கூரின் தென்னமராம் தோட்டத்தில் நடப்பட்டது. மரம் வந்தது, அதன் பூவுக்கு மகரந்தம் சேர்த்த பூச்சி வரவில்லை. அதனால் பல தோட்டங்களில், குறிப்பாகச் சபாவில், பூக்கள் சரியாகக் காயாகவில்லை. தொழிலாளர்கள் மகரந்தத் தூளை டால்க் பொடியோடு கலந்து, பூப்பூவாக ஊதிவிட்டார்கள். மரம் மரமாக, நாள்தோறும் நடந்த வேலை அது. கூலியும் நாள்தோறும் போனது.

இந்த நிலையில் ஒரு மேலாளருக்கு எளிதாகத் தோன்றும் வழிகள் என்ன? இன்னும் ஆள் சேர்ப்பது. இருக்கும் ஆட்களை விரட்டுவது. ஊதும் கருவியை மேம்படுத்துவது. மூன்றுமே இருக்கும் வேலையை இன்னும் வேகமாகச் செய்யும் வழிகள்.

யூனிலீவர் நிறுவனத்தின் தோட்டத்துறையில் பணியாற்றிய லெஸ்லி டேவிட்சன் வேறொன்றைக் கேட்டார். 1950-களில் கேமரூனில் இருந்தபோது, செம்பனைப் பூக்களில் சின்னச்சின்ன வண்டுகள் மொய்ப்பதை அவர் கவனித்திருந்தார். செம்பனையில் மகரந்தம் சேர்ப்பது காற்றுதான் என்பது அன்றைய நிபுணர்களின் முடிந்த முடிவு. அதனால் அவர் கேள்வி எடுபடவில்லை. 1970-களில் நிறுவனத்தின் தோட்டப் பிரிவில் உயர் பொறுப்புக்கு வந்தபிறகும் அவர் அந்தக் கேள்வியை மறக்கவில்லை. இந்த வேலையை எப்படி வேகமாகச் செய்வது என்று கேட்காமல், இந்த வேலை எதற்காக இருக்கிறது என்று கேட்டார்.

ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் அறிஞர் 1977-இல் கேமரூனில் ஆய்வைத் தொடங்கினார். பூச்சி நுழையாதபடி பூக்களை மூடிப் பார்த்தார். காய் பிடிப்பது குறைந்தது. காற்றல்ல, பூச்சிதான் என்பது தெளிவானது. ஆண் பூக்களிலிருந்து வரும் சோம்பு போன்ற மணம் வண்டுகளை இழுக்கிறது. பெண் பூவும் அதே மணத்தை விடும்போது அவை மகரந்தத்தோடு அங்கே போகின்றன. அங்கே பல வகை வண்டுகள் இருந்தன. மழைக்காலம், வெயில்காலம் இரண்டையும் தாங்குவது எது, நிறைய மகரந்தத்தைச் சுமப்பது எது என்று பார்த்து, எலெய்டோபியஸ் கேமருனிகஸ் என்ற ஒரு வகையைத் தேர்ந்தெடுத்தார்.

தேர்ந்தெடுத்ததும் விமானத்தில் ஏற்றிவிடவில்லை. இந்த வண்டு வேறு பயிர்களைத் தின்னுமா, நோய் கொண்டுவருமா என்றெல்லாம் சோதித்தார்கள். தனிமைப்படுத்தி வளர்த்தார்கள். மலேசிய அரசின் அனுமதி பெற்றார்கள். 1981 பிப்ரவரியில்தான் குளுவாங் பாமோல் தோட்டத்தில் வண்டுகள் திறந்துவிடப்பட்டன. பிறகு சபாவுக்கும் போயின.

ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். அத்தனை நாளும் பூ ஊதும் கூலி போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் பறக்கவிட்ட வண்டைத் திரும்ப அழைக்க முடியாது. அது நெல்லையோ காய்கறியையோ தின்னத் தொடங்கியிருந்தால் யாராலும் தடுத்திருக்க முடியாது. அதனால்தான் அந்த நிதானம்.

பலன் பெரிது. நாட்டின் செம்பனை எண்ணெய் உற்பத்தி 1981-இல் சுமார் 2.8 மில்லியன் டன். 1982-இல் சுமார் 3.5 மில்லியன் டன். புதிய நடவு, மழை எனப் பிற காரணங்களும் அதில் உண்டு. என்றாலும் மலேசியத் தோட்டத்துறையின் போக்கையே அந்த வண்டு மாற்றியது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. இன்று லாயாங் லாயாங்கில் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு பழுத்த குலைக்குள்ளும் அந்தச் சின்ன வண்டின் உழைப்பு இருக்கிறது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பூ ஊதும் வேலை இல்லாமல் போனது. அதை நம்பியிருந்த கைகளும் இருந்தன. தலைமையில் இருப்பவர் ஒன்றை முன்னால் வைக்கும்போது வேறொன்று பின்னால் போகிறது. அதோடு சில மனிதர்களும் பின்னால் போகிறார்கள். வரிசை போடுகிறவர் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசவேண்டும். அடுத்து அவர்களுக்கு என்ன வழி என்பதும் அந்த வரிசையிலேயே இடம்பெறவேண்டும்.

பத்து வெள்ளிக் கணக்கு

முதல் கேள்விக்கு நம் சமூகத்தின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஆங்கிலேயக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு மறுபடி விற்றார்கள். தோட்டத் தொழிலாளிக்கு வேலை போனால் கூடவே வீடும் போகும், லயம் கம்பெனியுடையது. துண்டாடப்பட்ட தோட்டத்தை யாராலும் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

அப்போது ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் இருந்தவர் துன் வீ.தி. சம்பந்தன். அவர் முன் பல வழிகள் இருந்தன. சட்டம் கொண்டுவரச் சொல்லிக் காத்திருக்கலாம். போராட்டம் நடத்தலாம். இழப்பீடு கேட்கலாம். அவையெல்லாம் தேவையானவைதான்; ஆனால் அவை பலன் தருவதற்குள் நிலம் கைமாறிவிடும். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. நூறு வெள்ளிப் பங்கு. அதைப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். தொழிலாளியே தோட்டத்தை வாங்குவது என்பதுதான் திட்டம். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. பின்னர் மற்ற தோட்டங்களும் வந்தன.

அவர் அடுக்கிய வரிசையைக் கவனியுங்கள். பெரிய தீர்வு வரட்டும் என்று சின்னத் தீர்வைத் தள்ளிப்போடவில்லை. அன்றாடக் கூலி வாங்குகிறவரால் நூறு வெள்ளியை ஒரே நாளில் தரமுடியாது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டார். தன் ஆட்களின் பலம் எவ்வளவு என்று தெரியாத தலைவர் போடும் வரிசை தாளோடு நின்றுவிடும்.

திருக்குறளின் பொருட்பாலில் அதிகாரங்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையும் இதையே காட்டுகிறது. 47-ஆவது அதிகாரம் தெரிந்துசெயல்வகை. அடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல். யாரிடம் எந்த வேலையைக் கொடுப்பது என்று பேசும் தெரிந்துவினையாடல் 52-ஆவதாகத்தான் வருகிறது. வேலை, பலம், காலம், இடம் ஆகியவற்றை எடைபோட்டபின்தான் ஆள். நம் அலுவலகங்களில் பெரும்பாலும் தலைகீழ்: கண்ணில் பட்ட ஆளிடம் வேலையைத் தள்ளிவிட்டு, பிறகு காலத்தைப் பற்றிக் கவலைப்படுகிறோம்.

திங்கட்கிழமை காலை

இதை ஓர் அலுவலகத்தில் வைத்துப் பார்ப்போம். செனாயில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனம். அண்மையில் குழுத் தலைவியாக உயர்வு பெற்ற ஒரு தங்கை, வயது இருபத்தொன்பது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. அவர் முன்னால் நான்கு விஷயங்கள்.

ஒன்று, நண்பகலுக்குள் சுங்கத்துறைக்குப் போகவேண்டிய ஒரு வாடிக்கையாளரின் ஆவணம். இரண்டு, மாலை ஐந்து மணிக்குள் தலைமையகம் கேட்கும் மாத அறிக்கை. மூன்று, புதிய கணினி மென்பொருளை எந்த நிறுவனத்திடம் வாங்குவது என்று "இன்னைக்கே முடிவு சொல்லுங்க" என்று விரட்டும் மேலாளர். நான்கு, "அக்கா, உங்ககிட்ட கொஞ்சம் தனியா பேசணும்" என்று தயங்கி நிற்கும் இளைய ஊழியர்.

அதிகச் சத்தம் மேலாளரிடமிருந்து வருகிறது. பெரும்பாலோர் அங்கேதான் ஓடுவோம். இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பார்த்தால் வரிசை மாறும்.

சுங்க ஆவணம் நண்பகலைத் தாண்டினால் கப்பல் போய்விடும். அது பழுத்த குலை. முதல் ஆள் அதற்குத்தான். அறிக்கையை எழுதத் தெரிந்த இன்னொருவர் குழுவில் இருக்கிறார். அவரிடம் கொடுத்து நான்கு மணிக்குப் பார்த்தால் போதும். மென்பொருள் பல ஆண்டுகளுக்குக் கட்டிப்போடும் ஒப்பந்தம். அது பறக்கவிடும் வண்டு. "சார், வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் கொடுங்க. ரெண்டு பேர் மென்பொருளையும் நம்ம வேலையிலேயே ஓட்டிப் பார்த்துட்டு, காரணத்தோட சொல்றேன்" என்று கேட்கலாம். வெறுமனே முடியாது என்றால் மேலாளருக்குக் கோபம் வரும். தேதியோடு சொன்னால் பலர் ஒப்புக்கொள்வார்கள்.

பட்டியலில் கடைசியாக நிற்கும் அந்த இளைய ஊழியர்தான் உண்மையில் சிக்கலானவர். அவர் விஷயத்தில் இரண்டு கேள்விக்கும் விடை ஆம். இன்று கண்டுகொள்ளாமல் விட்டால் நாளை அவர் மேசையில் விலகல் கடிதம் இருக்கலாம். ஆனால் ஆவணத்துக்கு நடுவே இரண்டு நிமிடத்தில் அவசரமாகப் பேசினால், சொல்லவந்ததைச் சொல்லாமலேயே போய்விடுவார். "தம்பி, பன்னிரண்டு மணிக்கு இது முடிஞ்சிடும். அதுக்கப்புறம் சாப்பாட்டு நேரம் முழுக்க உனக்குத்தான்" என்று உடனே ஒரு வார்த்தை சொல்வது முதல் கேள்விக்குப் பதில். சொன்னபடி கைப்பேசியை ஒதுக்கிவைத்து உட்கார்ந்து கேட்பது இரண்டாவதற்குப் பதில்.

வானொலியில் எங்களுக்கு இது தினப்பாடம். மணிச் செய்தி ஒரு நொடிகூடக் காத்திருக்காது. அதே நிகழ்ச்சியில் தன் அம்மாவைப் பற்றிப் பேசும்போது குரல் தழுதழுக்கும் நேயரை விரட்டவும் கூடாது. அவருடைய மௌனத்துக்கும் இடம் விடவேண்டும். ஒரே மேசையில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன.

நிர்வாகப் பயிற்சிகளில் அவசரம், முக்கியம் என்று நான்கு கட்டம் போடச் சொல்வார்கள். அமெரிக்க அதிபர் ஐசனோவர் பெயரில் வழங்கும் அந்த முறையை, ஸ்டீபன் கோவியின் 1989-ஆம் ஆண்டு நூல் உலகெங்கும் பரப்பியது. நல்ல முறைதான். ஆனால் பேனாவை எடுத்தால் எல்லாமே முக்கியமாகத் தெரிவதுதான் பலருக்கும் சிக்கல். 'எது முக்கியம்?' என்பதைவிட 'எதைத் திரும்பப் பெறமுடியாது?' என்பதற்குத் தெளிவான விடை கிடைக்கும்.

சொல்லிவிட்டு விடுங்கள்

பெரட்டில் இன்னொரு நல்ல வழக்கம் இருக்கிறது. இன்று உரம் கிடையாது என்பதும் அங்கே உரக்கச் சொல்லப்படும். உரமூட்டை தூக்க வந்தவர் காட்டோரம் நின்று காத்திருக்கமாட்டார். நம் அலுவலகங்களில் விடப்பட்ட வேலைகள் யாருக்கும் தெரியாமல் விடப்படுகின்றன. ஒரு மாதம் கழித்து "அதை யார் பார்த்துக்கிட்டிருக்கா?" என்று கேட்கும்போது குழுவே ஒருவரை ஒருவர் பார்க்கிறது.

புதிதாகத் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர்கள் வாரத்துக்கு ஒருமுறை இந்த மூன்று வரியைக் குழுவிடம் சொல்லிப் பாருங்கள். இந்த வாரம் முதலில் செய்வது இது. அவசரப்படாமல் செய்வது இது. இந்த வாரம் செய்யாமல் விடுவது இது. அதற்கு யாராவது கேள்வி கேட்டால் என்னைக் கைகாட்டுங்கள்.

மூன்றாவது வரியில்தான் தலைமை இருக்கிறது. வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பது கணக்குப்பிள்ளையாலும் முடியும். விட்ட வேலைக்கான ஏச்சைத் தானே வாங்கிக்கொள்பவரைத்தான் குழு நம்பும். நம்பிக்கை வந்துவிட்டால், சத்தம் போடாமலே வேலை நடக்கும்.

வீட்டுக்கும் இது பொருந்தும். அப்பாவுக்கு நெஞ்சு வலிக்கிறது என்றால் விருந்தாளி இருக்கிறார்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்பது கிடையாது, உடனே 999. மகள் மேற்படிப்புக்கு எந்தத் துறை எடுப்பது என்பதை, பக்கத்து வீட்டுப் பிள்ளை முடிவு செய்துவிட்டது என்பதற்காக ஒரே இரவில் முடிவு செய்யவேண்டியதில்லை. பல குடும்பங்களில் இரண்டும் இடம் மாறிவிடுகின்றன. மருத்துவரைப் பார்ப்பதை மாதக்கணக்கில் ஆறப்போடுகிறோம். பிள்ளையின் வாழ்க்கையை ஒரு வாரத்தில் பதறி முடிக்கிறோம்.

நாளை காலை வேலைக்குப் போனதும் கைப்பேசியில் எத்தனை செய்தி வந்திருந்தாலும் இருக்கட்டும். பதில் எழுதுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, இன்று கெட்டுப்போகக்கூடிய குலை எது, அவசரப்பட்டுப் பறக்கவிடக்கூடாத வண்டு எது என்று இரண்டு வரி எழுதுங்கள். எழுதியதை உங்கள் குழுவுக்கு வாய்விட்டுச் சொல்லுங்கள். மிச்ச வேலையெல்லாம் தன்னால் வரிசையில் வந்து நிற்கும்.